ஸ்போர்ட்ஸ் காருக்குள் இரைச்சல்: காற்றா, டயரா, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் குறைப்பது?

சென்னையில் இரண்டு கதவு கூபே, கூரை திறக்கும் ரோட்ஸ்டர், வேகமான செடான் என்று வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் கார் சாமான் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்குப் போய் எல்லாக் கதவுக்கும் டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்கும் ஷீட்) ஒட்டிவிட்டு, அப்புறம்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிறார்கள். வரிசையை மாற்றினால் பாதிப் பணம் மிச்சமாகும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சத்தம் இருக்கத்தானே செய்யும்?

ஓரளவுக்கு ஆமாம். அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர், கெட்டியான சஸ்பென்ஷன் புஷ், எடை குறைய வேண்டும் என்று சிக்கனமாகப் போட்ட ஒலித்தடுப்புப் பஞ்சு, ஃபிரேம் இல்லாத கதவுக் கண்ணாடி என எல்லாம் சேர்ந்து வருகிற சத்தம் அது. இரண்டு சீட் கூபேக்களில் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவில் தடுப்பே இருக்காது. பின் சக்கரக் கிண்ணம், அதாவது சக்கரத்தை மேலே மூடியிருக்கும் வளைந்த தகடு, உங்கள் காதுக்கு ஒரு முழம் பின்னால் இருக்கும்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற சத்தம், போன வருடம் இல்லாமல் இப்போது வந்த சத்தம், விசில் மாதிரி ஒரே சுருதியில் வருகிற சத்தம், இந்த மூன்றும் காரின் இயல்பு அல்ல. எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது. அதைத் தேடலாம்.

காற்றிரைச்சலையும் டயர் இரைச்சலையும் எப்படிப் பிரிப்பது?

மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்து பாருங்கள்.

முதலில் சாலைப் பரப்பு மாறும் இடம். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறும்போதோ, புதுத் தார் முடிந்து பழைய சொரசொரப்பு தொடங்கும்போதோ, வேகம் மாறாமல் சத்தம் மட்டும் சட்டென்று மாறினால் அது டயர் வழியாக வருவது. காற்றுக்குக் கீழே என்ன ரோடு என்று தெரியாது.

இரண்டாவது, வேகம். காற்றிரைச்சல் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறும்: மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 100 போனால் சுமார் 6 டெசிபல் கூடும். டயர் இரைச்சல் அதே இடைவெளியில் 3 முதல் 4 டெசிபல் வரைதான் கூடும். அதனால் 50, 60-லேயே ‘ஹோ’வென்று இருந்தால் டயர், 80 வரை சாதுவாக இருந்துவிட்டு அதற்கு மேல் கிளம்பினால் காற்று.

மூன்றாவது, சத்தத்தின் குணம். தரையிலிருந்து வருவது அடித்தொண்டை முழக்கம். காலடியிலும் சீட்டிலும் உணரலாம். கசிவு வழியாக வரும் காற்று ‘உஸ்ஸ்’ என்று காதோரத்தில் சீறும். உள்ளங்கையைக் கதவுக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் வைத்ததும் சீறல் மாறினால், இடத்தையே தொட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கழித்துவிடுங்கள். அதே 80-ல் ஒரு கியர் மாற்றிப் பாருங்கள். சத்தம் மாறினால் அது காற்றும் இல்லை, டயரும் இல்லை. எஞ்சின் அல்லது எக்ஸாஸ்ட்.

எந்த ரோட்டில், எப்போது சோதிப்பது?

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) கடலை ஒட்டி ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. மதியம் கடற்காற்று கிளம்பினால் அது கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம், அதாவது பக்கத்து சீட்காரர் பக்கம். திரும்பும்போது ஓட்டுநர் பக்கம். போகையில் இடது கதவும், வருகையில் வலது கதவும் சீறினால், காரில் குறை என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கக் காற்று அடிக்கிறது, அவ்வளவுதான். எந்தத் திசையில் போனாலும் ஒரே கதவு சீறினால் அந்தக் கதவின் மேல் கை வைக்கலாம்.

தென்கிழக்குக் காற்று, நீங்கள் மாமல்லபுரம் போகும்போது எதிர்காற்றாகவும் திரும்பி வரும்போது பின்காற்றாகவும் இருக்கும். ஸ்பீடோமீட்டர் இரண்டு தடவையும் 80 என்றுதான் காட்டும். ஆனால் காரில் மோதும் காற்றின் வேகம் வேறு. ஒரே ரோட்டில் போகும்போதும் வரும்போதும் சத்தம் வித்தியாசப்பட்டால் பெரும்பங்கு காற்று என்று தைரியமாகச் சொல்லலாம். டயருக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

சுத்தமாக அளக்க வேண்டும் என்றால் காற்று அடங்கிய விடியற்காலை நல்லது. ஞாயிறு காலை வேண்டாம், ஈ.சி.ஆர். முழுக்க சைக்கிள்காரர்கள். வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலையும் பரவாயில்லை. போட்டிருக்கும் வேக வரம்புக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும், 140 தேவையில்லை. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் தலையை அங்குமிங்கும் நகர்த்திக் கேட்க வேண்டும். ஓட்டுகிறவரே இரண்டையும் செய்யக் கூடாது. ஏ.சி. புளோயரை அணைக்க மறக்காதீர்கள். சீறல் என்று புகார் சொன்னவர்களில் சிலருக்கு அதுவே காரணம்.

போனில் உள்ள டெசிபல் ஆப்பை நம்பலாமா?

அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதே போன், அதே இடம், அதே ரோடு, அதே வேகம், முன்னும் பின்னும். 3 டெசிபல் குறைந்தால் காதுக்கு லேசாகத் தெரியும். 10 குறைந்தால் பாதியானது போல இருக்கும். அலைவரிசையைப் படமாகக் காட்டும் ஆப் இன்னும் உதவும். 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு கூர்முனை தெரிந்தால், டயருக்குள் அடைபட்ட காற்று ஒலிக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் பரவலாகத் தெரிந்தால் காற்றுக் கசிவு.

காற்றுதான் என்று தெரிந்துவிட்டது. எந்த இடம் என்று எப்படிப் பிடிப்பது?

பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப் ஒரு ரோல் போதும். இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

கதவை மூடிவிட்டு வெளியிலிருந்து எல்லா இடுக்குகளையும் ஒட்டுங்கள்: கதவு இடைவெளி, கண்ணாடியின் மேல் விளிம்பு, முன் கண்ணாடியைச் சுற்றி உள்ள மோல்டிங், சைடு மிரரின் அடிப்பாகம், பானெட்டின் பின் விளிம்பு. ஓட்டுநர் கதவை மட்டும் ஏறிய பிறகு வெளியில் நிற்பவர் ஒட்டட்டும். ஏதாவது நடந்தால் கதவைத் தள்ளினாலே டேப் கிழிந்து திறக்கும், அது முக்கியம். எல்லாம் ஒட்டி ஓட்டியும் சத்தம் குறையவில்லை என்றால் கசிவு காரணம் இல்லை. குறைந்தால், ஒவ்வொரு இடமாக டேப்பை உரித்து மறுபடி ஓட்டுங்கள். எதை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ அதுதான் இடம்.

பலமுறை அது மிரர் அடியில் முடியும். மிரரும் கதவும் சேரும் முக்கோணத்தில் ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் இருக்கும். பம்பர் டு பம்பர் நெரிசலில் யாரோ பைக்காரர் மிரரைத் தட்டியிருப்பார், கழற்றி மாட்டியவர் அந்தக் கேஸ்கெட்டை மடித்து வைத்திருப்பார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நெல்மணி அகல இடைவெளிதான். 90 கி.மீ.யில் அந்த இடம்தான் பாட்டுப் பாடும்.

கார் நிற்கும்போதே செய்ய இரண்டு சோதனைகள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கத்தோடு வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) அழுத்தவில்லை. அடுத்து, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, வெளிக்காற்று மோடில் புளோயரை உச்சத்துக்கு வைத்துவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். பின் பம்பருக்கு உள்ளே கேபின் காற்று வெளியேறும் ரப்பர் மடல்கள் உண்டு. அங்கே காற்று வருவது இயல்பு. ஆனால் மண் சேர்ந்து அந்த மடல்கள் மூடாமலே நின்றுவிட்டால், அந்த வழியாகவே ரோட்டுச் சத்தம் உள்ளே வரும். டிங்கரிங் வேலைக்குப் பம்பர் கழற்றிய கார்களில் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு கதவுக் கண்ணாடி பக்கம் சீறல். சம்பந்தம் உண்டா?

உண்டு. மஸ்டாங், இசட்4, 911, பாக்ஸ்டர் போன்ற கார்களில் கதவுக்குக் கண்ணாடி ஃபிரேம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் இறங்கும், கதவு மூடியதும் மேலே ஏறி ரப்பருக்குள் புதையும். பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் கண்ணாடி எதுவரை ஏற வேண்டும் என்ற நினைவு அழிந்துவிடும். நம்மூர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் போவதால் இது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் கண்ணாடிச் சுவிட்சைக் கீழே முழுக்க அழுத்திப் பிடித்து, பிறகு மேலே முழுக்கப் பிடித்து வைத்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். சரியான முறை உங்கள் கார் கையேட்டில் இருக்கும். செலவு ஒன்றும் இல்லை.

அப்படியும் சரியாகாவிட்டால் கண்ணாடியின் சாய்வைத் திருத்த வேண்டும். அது பொறுமையான வேலை. அந்த பிராண்ட் காரில் கை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

பீடிங் கெட்டியாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம், தூசியை இழுத்துவைக்கும். வாசலின், கிரீஸ், டீசல் இன்னும் மோசம். கதவு பீடிங் ஈ.பி.டி.எம். ரப்பரில் ஆனது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வெயிலில் நிற்கும் காருக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை.

பீடிங் தட்டையாகிப் போயிருந்தால் புதிது போடுவதுதான் முறை. இறக்குமதி காருக்கு விலை கேட்டால் மயக்கம் வரும் என்பதால் ஒரு இடைக்கால வழி: பீடிங் உள்ளே குழல் மாதிரி காலியாக இருக்கும், தளர்ந்த பகுதியில் மட்டும் மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய காற்றுக்குழாயைச் செருகினால் மறுபடி நிமிரும். அதிகம் செருகினால் கதவு மூடாது. கதவுப் பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுவதும் உதவும். முதலில் பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பீடிங் தேடாதீர்கள். இன்னொரு காரில் அழுந்திய ரப்பர் உங்கள் கதவுக்குப் பொருந்தாது.

முன் கண்ணாடி மாற்றியபின் சத்தம் கூடிவிட்டது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒட்டும் பசையில் எங்கோ இடைவெளி விட்டிருப்பார்கள், மேலே சொன்ன சோப்பு நுரைச் சோதனை காட்டிக்கொடுக்கும். அல்லது முன்பு இருந்தது அக்கூஸ்டிக் கண்ணாடி, இப்போது போட்டது சாதா கண்ணாடி. அக்கூஸ்டிக் வகையில் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் உள்ள படலம் ஒலியை விழுங்கும், குறிப்பாகக் காற்றின் சீறல் இருக்கும் உயர் அலைவரிசையை. கண்ணாடி ஓரத்து முத்திரையில் அப்படி அச்சிட்டிருக்கும், சிலவற்றில் காது படம் இருக்கும். பில் போடும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம்.

டயர்தான் என்றால் என்ன செய்வது?

முதலில் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை இழுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால் அலைன்மென்ட் தப்பு. அந்தப் பல்தான் ‘ஊங்’ என்று ஊளையிடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரம் உட்பக்கம் சாய்ந்திருப்பதால் உள்விளிம்பு தேய்வது நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, குனிந்து பாருங்கள். அலைன்மென்ட் சரிசெய்தாலும் ஏற்கெனவே விழுந்த பல் உடனே போகாது.

அப்புறம் வயது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். வாரக்கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் காரில் டயரின் பட்டன் (மேற்பரப்புக் கட்டைகள்) தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் வெயிலில் இறுகிப்போயிருக்கும். பார்வைக்குப் புது டயர், சத்தத்துக்குக் கட்டை. 5 வருடம் தாண்டிய டயரை நான் முதல் குற்றவாளியாகவே வைப்பேன்.

காற்றழுத்தம் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ எழுதியிருக்கும் அளவு. பங்க்கில் ‘எல்லாத்துக்கும் 35’ என்று அடித்துவிடுவார்கள், கேட்டு நிரப்புங்கள். சத்தம் குறைய வேண்டும் என்று அளவுக்குக் கீழே இறக்குவது ஆபத்து.

புது டயர் வாங்கும்போது ரேஸ் டிராக் ஓட்டத்துக்கான, பிசின் போல ஒட்டும் ரப்பர் டயரை விட்டுவிட்டு, தெருவுக்கான பெர்ஃபார்மன்ஸ் வகை பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மாதம் ஒருமுறை போகிறவர் என்றால் அதற்கென்று இன்னொரு செட் வீல் வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பிய லேபிளில் உள்ள டெசிபல் எண் காருக்கு வெளியே, சாலையோரத்தில் அளந்தது. கேபினுக்குள் அப்படியே வராது. உள்ளே ஃபோம் ஒட்டிய டயர்கள் உண்டு: கான்டினென்டலின் கான்டிசைலன்ட், மிஷெலினின் அக்கூஸ்டிக், பிரெல்லியின் பி.என்.சி.எஸ். இவை அந்த 200 ஹெர்ட்ஸ் ஒலியைத்தான் குறைக்கும், சொரசொரப்பு ரோட்டின் முழக்கத்தை அல்ல. பஞ்சர் ஒட்டுகிறவரிடம் ஃபோம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெட்டி எறிந்துவிடுவார்.

மனது வந்தால் வீலை ஒரு அங்குலம் குறைக்கலாம். 225/40 ஆர் 18-க்குப் பதிலாக 225/45 ஆர் 17 போட்டால் மொத்த உயரம் அரை சதவீதம்கூட மாறாது, பக்கச்சுவர் மட்டும் வளரும். பிரேக் காலிபர் இடிக்காமல் இருக்கிறதா, சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தோற்றம் கொஞ்சம் போகும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

சக்கர பேரிங் போயிருந்தால் எப்படித் தெரியும்?

ரோடு மாறினாலும் மாறாத ‘ம்ம்ம்’ என்ற முனகல். நீண்ட இடது வளைவில் எடை வலப்பக்கம் சாயும். அப்போது முனகல் கூடினால் வலது பேரிங். உறுதிசெய்ய ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வையுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். இதைச் சத்தப் பிரச்சினையாக ஒத்திப்போடாதீர்கள், பாதுகாப்புப் பிரச்சினை.

டயர் மாற்றியபின் காற்றிரைச்சல் கூடிவிட்டதே?

கூடவில்லை. டயர் சத்தம் அதை மூடி வைத்திருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. சம அளவுள்ள இரண்டு சத்தங்களில் ஒன்றை அடியோடு நீக்கினாலும் மொத்தம் 3 டெசிபல்தான் குறையும். அடுத்ததைத் தேட வேண்டியதுதான்.

எங்கே டேம்பிங் ஷீட் ஒட்டுவது பலன் தரும்?

தகரம் அதிர்வதைத் தடுப்பதுதான் ஷீட்டின் வேலை. வெளியே இருந்து வரும் சத்தத்தை அது பெரிதாகத் தடுக்காது. தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலிக்கும் தகட்டில் ஒட்டினால் ‘டொக்’ என்று மாறும். தகட்டின் நடுவில் கால்பங்கு முதல் பாதி வரை ஒட்டினால் போதும், மூலை முடுக்கெல்லாம் ஒட்டச் சொல்பவர் ஷீட் விற்கிறார்.

கூபே என்றால் பின் சக்கரக் கிண்ணம், டிக்கித் தரை, சீட்டுக்குப் பின்னால் உள்ள தகடு, இந்த வரிசையில் செய்யுங்கள். கதவு அப்புறம்தான். அலுமினியம் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட்டாகக் கேளுங்கள். தார் கலந்த மலிவு ஷீட் சித்திரை வெயிலில் உருகி வழியும், வாசனை மாதக்கணக்கில் போகாது. வெளியிலிருந்து வரும் முழக்கத்தைத் தடுக்க வேண்டுமென்றால் கனமான வினைல் விரிப்பும், அதற்குக் கீழே மூடிய துளை ஃபோமும் வேண்டும். அந்த வினைல் சதுர மீட்டருக்கு சுமார் 5 கிலோ, 2 மி.மீ. பியூட்டைல் 3 கிலோவுக்கு மேல். கார் முழுக்கப் போட்டால் ஒரு சிறு பிள்ளையைக் கூடவே ஏற்றிச்செல்வது போல எடை சேரும். எடை குறைவுக்காகவே அந்தக் காரை வாங்கியவர் யோசித்துச் செய்யட்டும்.

கதவில் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடுவார்கள். தண்ணீர் உள்ளே வரும், சத்தமும் வரும். சில கார்களில் கதவுக்குள் உள்ள காற்றழுத்த சென்சார்தான் பக்கவாட்டு மோதலை ஏர்பேக்குக்குச் சொல்கிறது. கதவின் உள்ளறை ஒழுங்காக மூடியிருந்தால்தான் அது நம்பகமாக வேலை செய்யும். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் ஷீட்டால் அடைக்காதீர்கள், ஐப்பசி மழையில் கதவே குளமாகிவிடும்.

கூரை திறந்து ஓட்டும்போது காதுக்குள் ‘தப் தப்’ என்று அடிக்கிறது.

காலி பாட்டில் வாயில் ஊதினால் வரும் ஒலிதான் அது, பாட்டிலுக்குப் பதில் கேபின். ஒரு கண்ணாடியை மட்டும் திறந்தாலும் வரும். இன்னொரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் நின்றுவிடும். ரோட்ஸ்டரில் சீட்டுக்குப் பின்னால் வலைத் தடுப்பு மாட்டினால் பின்னாலிருந்து சுழன்று வரும் காற்று நன்றாகவே அடங்கும்.

மழைக்காலம் முடிந்ததும் திடீரென்று சத்தம் கூடிவிட்டது. என்ன பார்க்க வேண்டும்?

கீழே படுத்துப் பாருங்கள். தாழ்வான கார், நம்ம ஸ்பீடு பிரேக்கர், முழங்கால் தண்ணீர், மூன்றும் சேர்ந்தால் அடித்தட்டு பிளாஸ்டிக் கவரின் கிளிப்புகள் பாதி இருக்காது. தொங்கும் கவர் 70-க்கு மேல் படபடவென்று அடிக்கும். சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் லைனரும் அப்படித்தான். அது ஃபெல்ட் வகை என்றால் கல் தெறிக்கும் சத்தத்தை உறிஞ்சுவதே அதன் வேலை, எனவே கிழிந்ததற்குப் பதில் சாதா பிளாஸ்டிக் வைத்துவிடாதீர்கள். கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தால் அவிழ்த்து, சரியான கிளிப் போடுங்கள்.

உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோம் திரும்ப வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். காயவைக்கச் சோம்பல்பட்டு அதை வெட்டி எடுத்துவிட்டு, மேல் கார்பெட்டை மட்டும் விரித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. பானெட்டையும் திறந்து பின் விளிம்பு ரப்பரைப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கும் எலிக்கு அந்த ரப்பரும் பானெட் பஞ்சும் பிடித்த தீனி. விரல் நீளத்துக்கு ரப்பர் கடிபட்டிருந்தாலே எஞ்சின் சத்தம் ஏ.சி. காற்று உறிஞ்சும் வழியாக நேராக டேஷ்போர்டுக்கு வந்துவிடும். ரப்பரை மாற்றுவதற்கு முன் எலிக்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள்.